பயிற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும்? தடா வட்டார யானாதிகளை முன்வைத்து

பழங்குடி மக்களுக்கான தொழிற்கல்வியைச் செம்மைப்படுத்துவது எப்படி என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். பொருள் பெரிது என்பதால் அதைத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் தடா வட்டாரத்துக்குள் நிறுத்தி, இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் யானாதிகளை முன்வைத்தே பேச விரும்புகிறேன். தடாவுக்கு மேற்கே ஸ்ரீசிட்டி. 2008-ல் தொடங்கிய அந்தத் தொழில் நகரில் இசுசு வண்டியும் கேட்பரி சாக்லேட்டும் டைக்கின் ஏசியும் உற்பத்தியாகின்றன. பக்கத்து மாம்பட்டில் ஏற்றுமதிக்கான காலணிகளைத் தைக்கும் அப்பாச்சி தொழிற்சாலை இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. அதைத் தாண்டினால் 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா. இத்தனை வகை வேலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நிலம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் இந்த மண்ணின் பழங்குடிகளில் பலர் செங்கல் சூளையிலும் இறால் பண்ணைக் காவலிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டே காலம் தள்ளுகிறார்கள். காரணம் கேட்டால், ‘அவர்களுக்குப் பயிற்சி இல்லை’ என்று உடனே பதில் வரும். பயிற்சித் திட்டங்களுக்கு இந்த நாட்டில் குறைவே இல்லை. அவை தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பதே என் வாதம்.

யானாதிகள் இன்றைய ஆந்திரத்தின் மிகப் பெரிய பழங்குடிகளில் ஒரு பிரிவினர். 2011 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பகுதி நெல்லூர், திருப்பதி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டியும் இருக்கிறார்கள். மலைக்குடிகளைப் போல் ஒரே காட்டில் சேர்ந்து வாழ்பவர்கள் இல்லை. ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையில், ஏரி ஓரத்தில், பத்தும் இருபதுமாகக் குடிசைகள். எலி பிடிப்பது, பாம்பு பிடிப்பது, மூலிகை அறிவது, ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிப்பது எல்லாம் இவர்கள் கைவேலை. பழவேற்காட்டின் கைமீன்பிடிப்பைக் கவனித்தால் நாம் ‘திறன்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதே சற்றுக் குழம்பும். யானாதிப் பெண்களும், இருளர் என்னும் மற்றொரு பழங்குடிப் பெண்களும் மார்பளவு நீரில் இறங்கி, ஓலையில் முடைந்த பறியின் வாய்ப்பகுதியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவும். விரலில் படுவது இறாலா, நண்டின் கொடுக்கா, கெளுத்தியின் முள்ளா என்பது பட்ட கணத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விரல் போகும். நீரின் உப்பு, பருவம், சேற்றின் தன்மை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் இறங்கும் இடம் முடிவாகிறது. இந்த அறிவுக்கு ஏரியில் உரிமை கிடையாது. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ முறை பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் கிராமங்களுக்குரியது. யானாதிகளும் இருளர்களும் அதற்கு வெளியே, மிச்சமிருக்கும் கரையோரத்தில் கைவைத்துப் பிழைக்கிறார்கள்.

இவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் எண்ணம் அரசுக்கு நேற்று வந்ததில்லை. அதன் பழைய வரலாறு கசப்பானது. ஸ்ரீஹரிகோட்டா தீவு 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் கைக்குப் போனது. தீவின் யானாதிகள் காட்டுப் பொருள் சேகரித்துக் கொடுப்பவர்கள் ஆனார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, யானாதிகளில் ஒரு பகுதியினரும் அந்தப் பட்டியலுக்குள் போனார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த குடியிருப்புகளுக்கு ‘தொழில் பயிற்றிச் சீர்திருத்துவது’ என்றே நோக்கம் சொல்லப்பட்டது. எருகுலர் என்னும் மற்றொரு பழங்குடியினருக்காகச் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரத்திலிருந்து சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆட்கள் போனார்கள். ஆலைக்குக் கட்டுப்பாடான கூலியாள் தேவை, அரசுக்கு ஆட்களை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நிறைவேறின. சென்னை மாகாணம் 1947-ல் அந்தச் சட்டத்தை நீக்கியது. யானாதிகளின் விடுதலைக்காக உழைத்த நெல்லூர் வெண்ணெலகண்டி ராகவய்யா 1962-ல் அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சட்டம் போன பிறகும் ஒரு மனப்பான்மை தங்கிவிட்டது: இவர்களிடம் ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து நாம் கொண்டுபோய் நிரப்ப வேண்டும் என்பது. இன்றைய திட்ட அறிக்கைகளில் சொற்கள் கண்ணியமாகிவிட்டன. எண்ணம் பல இடங்களில் அதேதான்.

சுதந்திர இந்தியாவின் திட்டங்களைக் குறை சொல்வதற்கு முன் அவற்றுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐடிஐகள் 1950 முதல் இருக்கின்றன. பழங்குடிப் பகுதிகளுக்கென்றே தொழிற்பயிற்சி மையத் திட்டம் 1992-93-ல் வந்தது. 2015 முதல் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா நடக்கிறது. கட்டணம் இல்லை, சில இடங்களில் தங்குமிடமும் உண்டு. ஆனாலும் இவை தடா வட்டாரத்து யானாதிக் குடிசையை எட்டும்போது மூன்று இடங்களில் முட்டுகின்றன. முதலாவது படிப்பு. ஐடிஐயில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர் போன்ற சிலவற்றுக்கு எட்டு போதும். 2011-ல் அன்றைய ஆந்திரத்தின் பழங்குடியினரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை, 49.2 சதவீதம். கதவு திறந்திருக்கிறது, படிதான் இல்லை. இரண்டாவது, பயிற்சிக் காலத்தில் சோறு. மூன்று மாதம் வகுப்பில் உட்காரும் ஆள் அந்த மூன்று மாதக் கூலியை இழக்கிறார். உதவித்தொகை அதை ஈடுகட்டுவதில்லை. மூன்றாவதுதான் ஆழமானது, அதிகம் பேசப்படாததும் அதுவே. செங்கல் சூளையில் முன்பணம் வாங்குவது கணவன் மனைவி ஜோடியாக. குழந்தைகளும் கூடவே போய்விடுகிறார்கள். கடன் குடும்பத்தைக் கட்டுகிறது. பயிற்சி மையமோ ஒரு தனியாளைக் கேட்கிறது. ஜோடியில் ஒருவர் வகுப்புக்குப் போனால் மற்றவரின் வேலையும் நிற்கும், முன்பணம் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். இதைக் கணக்கில் எடுக்காத திட்டத்தில் இடைநிற்றல் அதிகம் என்றால், ‘ஆர்வமின்மை’ என்று அறிக்கையில் எழுதிவைக்கிறார்கள். ஆர்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? எல்லைக்குத் தெற்கே, தமிழ்நாட்டில் இதே வகை வாழ்க்கை வாழும் இருளர்களிடம் ஒரு விடை இருக்கிறது. இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. ஒரே அடியில் பிழைப்பு போயிற்று. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடிக்கிறார்கள். மண் பானையில் துணிகட்டிச் சில வாரம் வைத்திருந்து, குறித்த இடைவெளியில் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நச்சுமுறிமருந்துக்கு நாட்டுக்குத் தேவைப்பட்ட நஞ்சில் பெரும்பகுதியை நீண்ட காலம் இந்தச் சங்கமே தந்தது. இங்கே நடந்த ‘பயிற்சி’யைக் கவனியுங்கள். பாம்பு பிடிக்க யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. நஞ்சைக் கலப்பில்லாமல் எடுப்பது, உறைநிலையில் உலர்த்துவது, எந்தப் பாம்பு எப்போது வந்தது எப்போது போனது என்று பதிவேடு வைப்பது, சங்கக் கணக்கு ஆகியவை மட்டுமே புதிதாகச் சேர்ந்தன. தெரிந்த தொழிலின் மேல் ஒரு மாடி கட்டினார்கள். வாங்குபவரும் மாறினார், விலையும் மாறியது. 2017-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஃபுளோரிடாக்காரர்கள் அவர்களிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

இதைவிடச் சின்ன, அதனாலேயே அதிகம் கற்றுத்தரக்கூடிய இன்னொரு முயற்சி திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்தது. வயலில் எலி பிடிக்கும் இருளர்கள் வளையின் வாயில் பானையை வைத்து, உள்ளே வைக்கோலை எரித்து, வாயால் ஊதியே புகையை வளைக்குள் செலுத்துவார்கள். புகை எலிக்குப் போவதற்கு முன் ஊதுபவரின் நெஞ்சுக்குப் போகும். கையும் உதடும் சுடும். பாதி வளையில் எலி தப்பிவிடும். 2003-ல் உலக வங்கி நடத்திய ஒரு போட்டியில் பரிசு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று, கையால் சுழற்றும் விசிறி வைத்த இரும்புப் புகைக்கருவியை எலி பிடிப்பவர்களுக்குத் தந்தது. கருவியைச் செய்யும் பட்டறை வேலையை இருளர் பெண்களுக்கே பழக்கியது. உலோகத் தகடு வெட்டுவது, பற்றவைப்பது, பொருத்துவது என்று ஐடிஐ பாடத்திட்டத்தில் இருப்பவைதான் அவர்கள் கற்றதும். தாங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு வேலையின் குறையைத் தீர்க்கும் கருவியாக இருந்ததால் அந்தப் பாடத்துக்கு அர்த்தம் இருந்தது.

உலகின் மறுகோடியிலும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்களில் பல பத்தாண்டுகளாகச் சான்றிதழ் மேல் சான்றிதழாகக் குவிந்தும் வேலை வரவில்லை. பயிற்சிக்காகப் பயிற்சி என்னும் நோய் இது என்று 2014-ல் அரசு கேட்டுப் பெற்ற ஃபாரஸ்ட் ஆய்வறிக்கை சாடியது. அதே நாட்டில் 2007-ல் தொடங்கிய நிலக்காவலர் திட்டம் வேறு வழியில் போனது. பழங்குடிகளைச் சொந்த நிலத்தில் சம்பளத்துக்கு அமர்த்தி, தீ மேலாண்மை, களை நீக்கம், கடற்கரைக் கண்காணிப்பு போன்ற வேலைகளைக் கொடுத்து, அந்த வேலைக்குள்ளேயே பயிற்சியையும் சான்றிதழையும் வைத்தார்கள். வடக்கே ஆர்னெம் நிலத்தில், வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ மூட்டிப் பெருந்தீயைத் தடுக்கும் மரபு முறைக்கு, 2006 முதல் ஒரு எரிவாயு நிறுவனம் கரியமில வாயுக் குறைப்புக்காகப் பணம் தந்துவந்தது. முதலில் வேலையும் கூலியும், அதற்குள் பயிற்சி. இந்த வரிசை முக்கியம். நம்முடைய திட்டங்கள் அனேகமாக எல்லாமே தலைகீழாகப் போகின்றன.

இங்கே தமிழ்நாட்டு, ஆந்திர மக்கள் எழுப்பும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும்; நியாயமான மறுப்பும்கூட. ‘எலி பிடிப்பவன் பிள்ளை எலியே பிடிக்கட்டும் என்கிறீர்களா? குலக்கல்வியைத்தானே மறுபடி கொண்டுவருகிறீர்கள்?’ ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளை மூன்று மணிநேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் வைக்கச் சொன்னது. அது அமலான ஜூனில் நெல்லூர் மாவட்டமும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. எதிர்ப்பு பெருகி, 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். நவம்பர் 2024-ல் தமிழ்நாடு அரசு, கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தை இருக்கும் வடிவில் ஏற்க மறுத்ததும் இதே அச்சத்தில்தான். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவும் கேட்டது. அந்த வயதுக் கோரிக்கை இந்தக் கேள்விக்கே நல்ல விடை என்பேன். பள்ளி வயதுப் பிள்ளையைக் குடும்பத் தொழிலில் நிறுத்துவது குலக்கல்வி. நாற்பது வயதில், ஏற்கெனவே ஏரியில் கைவைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு நல்ல விலையும் உரிமையும் கிடைக்கச் செய்வது அது ஆகாது. தாயின் வருமானம் உயர்ந்து முன்பணம் தேவையில்லாமல் போனால், பிள்ளை சூளைக்குப் போகாமல் பள்ளியில் இருக்கும். ராஜாஜியின் திட்டம் பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்குள் இழுத்தது. இங்கே சொல்லப்படுவது பிள்ளையை விடுவிப்பதற்காகத் தாயின் தொழிலைக் கைதூக்கிவிடுவது. பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் படிப்பு மட்டுமே. அதில் எந்தத் தொழிலையும் நுழைக்கக் கூடாது. இதில் நான் சமரசத்துக்குத் தயாரில்லை.

அடுத்த மறுப்பு தொழிற்சாலைக்காரர்களிடமிருந்து வரும்: நண்டும் எலியும் எதற்கு, ஸ்ரீசிட்டியில் வேலை இருக்கிறதே, அதற்குப் பயிற்றுங்கள். பயிற்றத்தான் வேண்டும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்கச் சொல்கிறது. 1973-ல் சேர்ந்த 3ஏ பிரிவு அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை குறைந்தபட்ச வரம்பில் இருபத்தைந்து பழகுநரை வைக்கும். ஆந்திரத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்து சொச்சம்; ஆகவே அவர்களுக்கு ஒரு இடம். உச்ச வரம்பான நூற்றைம்பதுக்கு உயர்ந்தால் ஏழெட்டு. அந்த ஒரு இடத்தையும் பத்தாம் வகுப்பு முடித்த, பேருந்து வசதி உள்ள, வேறு பழங்குடி இளைஞர் எடுத்துக்கொள்வதே சாதாரணமாக நடக்கக்கூடியது. ஒரு யானாதி இளைஞர் தனியாக ஒரு ஷிஃப்டில் போய் நின்று, மொழியும் மேலாளரும் மேல்சாதிக் கேலியும் அழுத்தும்போது பத்தாம் நாள் நின்றுவிடுவது வியப்பில்லை. ஒரே குடியிருப்பிலிருந்து ஐந்தாறு பேரை ஒன்றாகச் சேர்ப்பது, எட்டாம் வகுப்பை முடிக்க ஆலைக்குள்ளேயே மாலை வகுப்பு வைப்பது, பழகுநர் உதவித்தொகையைக் குடும்பத்தின் கடனை அடைக்க முன்கூட்டித் தருவது ஆகியவற்றை அந்த நிறுவனங்கள் இன்றே செய்யலாம். சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு அளவைப் பற்றியது. பாம்புச் சங்கத்தில் ஏறத்தாழ 350 பேர்தான் உறுப்பினர்கள். ஐந்து லட்சம் யானாதிகளுக்கு அது எந்த மூலைக்கு? இந்த மறுப்பை முழுதாக வெல்ல முடியாது. வெல்ல முயல்வதும் நேர்மையாகாது. நஞ்சுக்கு வாங்குபவர் சிலர். வனத்துறை அனுமதி ஒரு ஆண்டு தாமதமானால் சங்கம் தடுமாறும். பாம்பைப் பெருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த தொழிலின் மேல் பயிற்சி என்னும் அந்த வரிசையைப் பிற தொழில்களில் பின்பற்ற வேண்டும் என்கிறேன். சேற்று நண்டை எடுத்துக்கொள்வோம். தோல் உரித்துப் புதிதாய் ஓடு வந்த, உள்ளே நீர் நிறைந்த நண்டுக்கு வியாபாரி கொடுப்பது சொற்பம். அதே நண்டைச் சில வாரம் கூண்டிலோ குட்டையிலோ தீனி போட்டு வைத்தால் சதை பிடித்து விலை பல மடங்காகும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் பழவேற்காடு பகுதி இருளர் குடும்பங்களோடு நண்டு, கொடுவா வளர்ப்பு முயற்சிகளைச் செய்திருக்கிறது. எந்த நண்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை விரலால் அறியும் ஆளுக்கு, உப்புமானியைப் படிக்கவும் தீனிக் கணக்கு எழுதவும் எடை போடவும் கற்றுத்தரப் பல மாதம் ஆகாது. தடை வேறிடத்தில் இருக்கிறது: நீரின் உரிமை. பாடு முறைக்கு வெளியே, ஏரியிலுள்ள பறவைகள் சரணாலயத்தின் விதிகளுக்குள், யானாதிச் சங்கம் ஒன்று ஏரியின் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பெறுவது யார் கையில் இருக்கிறது? மீன்வளத்துறை, வனத்துறை, பழங்குடி நலத்துறை மூன்றும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் நடக்கும். பயிற்சி அதிகாரியின் கையில் மட்டும் விட்டால் கொட்டகையில் வகுப்பு நடக்கும். நண்டு வியாபாரியிடமே போகும்.

எல்லைக் கோட்டின் விந்தையையும் சொல்லியாக வேண்டும். தடாவுக்குத் தெற்கே தமிழ்நாட்டில் இருளர்கள் ‘மிகவும் நலிந்த பழங்குடி’ப் பட்டியலில் இருக்கிறார்கள், 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் அவர்களை எட்டும். ஒரே ஏரியின் வடகரையில் அதே வாழ்க்கை வாழும் யானாதிகள் ஆந்திரத்தின் அந்தப் பட்டியலில் இல்லை. பிழைப்புக்காக ஒரு யானாதிக் குடும்பம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடியேறினால், தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலிலேயே அவர்கள் பெயர் கிடையாது. 2022 ஏப்ரலில் தடா, திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. யானாதிகளுக்கான ஒருங்கிணைந்த பழங்குடி மேம்பாட்டு முகமை நெல்லூரில், சுமார் நூறு கிலோமீட்டர் வடக்கே. ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்துப் போய் நிற்க வேண்டிய அலுவலகம் அது.

கொத்தடிமை மீட்போடு பயிற்சியை இணைப்பதும் இதே சிந்தனையின் தொடர்ச்சி. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மீட்கப்படுபவருக்கு, 2016-ல் திருத்திய திட்டத்தின்படி ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முழுத் தொகையும் வருவது முதலாளி மீதான வழக்கில் தண்டனை உறுதியானால்தான். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இடைப்பட்ட காலத்தில் குடும்பம் அடுத்த சூளையின் முன்பணத்தை வாங்கிவிடுகிறது. மீட்ட மறுவாரமே கூலியோடு கூடிய வேலைப்பயிற்சியை, ஜோடிக்குச் சேர்த்து, குழந்தைக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடியோடு தொடங்கினால்தான் மீட்பு நிலைக்கும்.

இந்த அவையில் ஸ்ரீசிட்டி ஆலைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கலாம். அரசு அலுவலர்கள் இருக்கலாம். மாணவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தொழிற்பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி தடா, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் ஆலைகள் ஒவ்வொன்றும் எத்தனை பழங்குடிப் பழகுநர்களைச் சேர்த்திருக்கின்றன, அவர்களில் யானாதிகள் எத்தனை பேர், பயிற்சி முடித்து எத்தனை பேர் அங்கேயே வேலையில் தொடர்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசிடம் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரும் பதிலை, அது என்னவாக இருந்தாலும், அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளை மேடையில் படியுங்கள்.